பாதைக்கும் ஒரு ஹக்கு உண்டு



ஹப்புத்தளை சந்தியிலோ எல்ல கடைவீதியிலோ ஒரு விடுமுறை நாள் காலையில் சற்று நின்று பாருங்கள். தலைக்கவசம் அணிந்த இருவர் மூவர் சைக்கிளில் வந்து தேநீர்க் கடை முன்னால் இறங்குவார்கள். சைக்கிளின் கைப்பிடி ஆட்டுக்கடாவின் கொம்பு போலக் கீழ்நோக்கி வளைந்திருக்கும். டயர் மட்டும் பந்தய சைக்கிளின் டயரைவிடத் தடித்திருக்கும். வந்தவர்களின் காலிலும் முதுகிலும் செம்மண் படிந்திருக்கும். தார் வீதியில் வந்திருந்தால் இவ்வளவு மண் ஏறியிருக்காது. அவர்கள் வந்தது தேயிலை மலைகளுக்கூடாகப் போகும் கிரவல் பாதைகளில். இதற்கு உலகம் இன்று வைத்திருக்கும் பெயரும் அதுதான்: கிரவல் சைக்கிளோட்டம்.

இவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டவர். கொழும்பிலிருந்து வரும் இளைஞர்களும் உண்டு. இப்போது பதுளையிலும் பண்டாரவளையிலும் வெலிமடையிலும் உள்ள நமது பிள்ளைகளுக்கும் இந்த ஆசை மெல்ல மெல்லத் தொற்றி வருகிறது. "இது நல்லதா, வீண் செலவா? பிள்ளையை விடலாமா?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி இருக்கிறது. பிள்ளை போகப்போகும் அந்தப் பாதை யாருடையது?

முதலில் இந்த விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம்.

1817ல் ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் கார்ல் ட்ரைஸ் என்பவர் மிதிகட்டை இல்லாத இரு சக்கர வண்டியைச் செய்தபோது உலகத்தில் தார் வீதி என்று சொல்ல எதுவும் இருக்கவில்லை. 1888ல் டன்லொப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்ற காலத்திலும் பெரும்பாலான வீதிகள் மண்ணும் கல்லும்தான். ஆக, சைக்கிள் பிறந்ததே கரடுமுரடான பாதையில்! பின்னர் வீதிகள் வழுவழுப்பாயின. சைக்கிள்களும் மெலிந்தன. டயர்கள் விரல் அகலத்துக்கு வந்தன. மோட்டார் வாகனங்கள் பெருகியபோது, அந்த நல்ல வீதியிலேயே சைக்கிளுக்கு இடமில்லாமற் போயிற்று.

அப்போது சிலர் பழைய வழிகளைத் தேடிப் போனார்கள். 1955ல் இங்கிலாந்தில், வண்டிப் பாதைகளிலும் காட்டு வழிகளிலும் சைக்கிளில் செல்ல விரும்பிய ஒரு சிறு குழுவினர் கூடித் தமக்கென்று ஒரு சங்கம் அமைத்தனர். 2006ல் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில், புல்வெளிகளுக்கிடையே 200 மைல் தூரக் கிரவல் பந்தயம் ஒன்று தொடங்கியது. 2022ல் இத்தாலியில் இதற்கு முதலாவது உலகச் சம்பியன் போட்டியே நடந்துவிட்டது.

இந்தச் சைக்கிளின் சூட்சுமம் டயரில்தான் இருக்கிறது. பந்தய சைக்கிளின் டயர் சுமார் 25 முதல் 28 மில்லிமீட்டர் அகலம். காற்றும் இறுக்கமாக அடித்திருக்கும். கல்லில் ஏறியதும் அது துள்ளும். கிரவல் சைக்கிளின் டயர் 40 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். காற்று ஏறக்குறைய பாதி அழுத்தத்தில்தான். ஆகவே கல்லின் மேல் ஏறும்போது டயர் சற்று அமுங்கிக் கல்லை விழுங்கிக்கொண்டு போகிறது. மேட்டில் ஏறுவதற்குச் சிறிய கியர், பள்ளத்தில் நிறுத்துவதற்கு டிஸ்க் பிரேக். இவ்வளவுதான் விஷயம்.

ஐரோப்பாவில் இவர்கள் தேடிப் போகும் நிலத்துக்கு ஹீத் என்று பெயர். பெரிய மரமில்லாமல் குற்றுச்செடிகள் மட்டும் படர்ந்த, ஆள் நடமாட்டம் குறைந்த திறந்த வெளி. நமது ஊவாவில் அதற்கு நிகரானது எது? பத்தனைதான். வெலிமடைப் பக்கமும் தியத்தலாவைப் பக்கமும் மானாப் புல் மூடிய மொட்டை மேடுகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தென்மேற்குப் பருவ மழை நுவரெலியா மலைகளிலேயே கொட்டித் தீர்த்துவிட்டு, வறண்ட காற்றாக மட்டும் நமது பக்கம் இறங்குகிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் அந்தக் காற்றுத்தான் ஊவாத் தேயிலைக்குத் தனி மணத்தைக் கொடுக்கிறது. பத்தனைப் புல்லைக் காய வைத்து, ஒரு தீக்குச்சிக்குக் காத்திருக்க வைப்பதும் அதே காற்றுத்தான். சில மேடுகளில் பின்னாளில் பைன் மரம் நட்டார்கள். அந்தப் பைன் காட்டுக்கும் பத்தனைக்கும் தேயிலை மலைக்கும் நடுவே ஓடுகின்றன நாம் பேசும் பாதைகள்.

இனி அந்தக் கேள்விக்கு வருவோம். இவற்றை யார் போட்டார்கள்?

மிகப் பழைய வழிகளில் நமது மூதாதையரின் கால்தடமும் இருக்கிறது. தவளம் என்ற சொல்லை மூத்தவர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். பொதிமாட்டுக் கூட்டம். கரையோரத்திலிருந்து உப்பும் கருவாடும் ஏற்றி வந்து, மலைநாட்டிலிருந்து பாக்கும் பிற விளைபொருள்களும் ஏற்றிச் சென்ற முஸ்லிம் வணிகர்களின் மாடுகள் இந்தக் கணவாய்களில் ஏறி இறங்கின. கண்டி அரசர்களின் காலத்தில் இந்தப் போக்குவரத்துக்கென்றே மடிகே பத்த என்ற ஒரு திணைக்களம் இருந்தது. அதில் பணிபுரிந்தவர்களில் முஸ்லிம்கள் முக்கியமானவர்கள். வழியின் மீதான அதிகாரம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு வரலாற்றில் ஓர் உதாரணம் உண்டு. 1817ல் பிரித்தானியர் வெல்லஸ்ஸவில் ஹாஜி மரைக்கார் என்பவரை மடிகே முஹந்திரமாக நியமித்து, உள்ளூர்த் திசாவையின் அதிகாரத்தைக் குறைத்தனர். 1818 வரை நீடித்த ஊவா வெல்லஸ்ஸக் கிளர்ச்சி வெடிப்பதற்கான உடனடிக் காரணங்களில் ஒன்றாக இது சொல்லப்படுகிறது.

அதன் பிறகு வெள்ளைக்காரர் பாதை போட்டனர். பதுளையில் அதிகாரியாக இருந்த மேஜர் ரோஜர்ஸ் ஊவாவில் பாதைகள் அமைத்தவர்களில் ஒருவர். 1845ல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். முதலில் கோப்பித் தோட்டம் வந்தது. 1869ல் கோப்பி இலையில் துருநோய் காணப்பட்டது. சில ஆண்டுகளில் கோப்பி அழிந்து, அந்த இடத்தைத் தேயிலை பிடித்தது. 1890ல் தோமஸ் லிப்டன் வந்து தம்பேதென்ன முதலிய தோட்டங்களை வாங்கினார். ரயில் 1893ல் ஹப்புத்தளைக்கும் 1924ல் பதுளைக்கும் வந்து சேர்ந்தது.

இந்த ஆண்டுகளையெல்லாம் பாடப் புத்தகத்தில் படித்துவிடலாம். ஆனால் மலையைச் சுற்றிச் சுற்றிப் போகும் ஒவ்வொரு கரத்தைப் பாதைக்கும் கல் சுமந்தவர் யார்? பள்ளத்துப் பக்கம் சரியாமல் கல் அடுக்கியவர் யார்? மழைத் தண்ணீர் வழிந்தோடக் கான் வெட்டியவர் யார்? தமிழ்நாட்டிலிருந்து மன்னார் வழியாகக் காட்டுப் பாதையில் நடந்தே வந்து, வழியிலேயே பலரை இழந்து, மலையேறிய தொழிலாளர்கள்தாம். அவர்களின் பேரப்பிள்ளைகளும் அவர்களின் பிள்ளைகளும் இன்றும் அதே பாதையில் கொழுந்துக்கூடையோடு நடக்கிறார்கள்.

ஆகவே, அன்பர்களே, சைக்கிளில் போகிறவருக்கு இது அமைதியான காட்டு வழி. ஆனால் லயத்தில் வாழும் சகோதரிக்கு இது வேலைக்குப் போகும் வழி. பிள்ளைக்குப் பள்ளிக்கூட வழி. நோயாளியைத் தூக்கிக்கொண்டு லொறி வரும் இடம் வரை ஓடும் வழி. லயத்துக் காம்பராவின் வாசலுக்கும் பாதைக்கும் இடையில் நாலு அடி கூட இல்லாத இடங்கள் உண்டு. அங்கே பாதை என்பது வீட்டு முற்றம். ஒருவர் முற்றத்தில் நாம் எப்படி நடந்துகொள்வோம்?

சட்டப்படியும் இவை பொதுவீதிகள் அல்ல. 1970களில் அரசு பொறுப்பேற்ற தோட்டங்களில் பெரும்பாலானவற்றின் நிர்வாகம் 1992ல் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டது. எனவே உள்ளே போவதற்குத் தோட்ட அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்பது முறை. அண்மைக் காலத்தில் பீக்கோ ட்ரெயில் என்ற நடைபாதை அமைக்கப்பட்டதை அறிவீர்கள். ஸ்பெயின் நாட்டவரான மிகேல் குனாட் முன்னின்று திட்டமிட்டது அது. கண்டிப் பக்கம் ஹந்தானையில் தொடங்கி, ஹப்புத்தளை, எல்ல, தெமோதரைப் பகுதிகளையும் தொட்டு, நுவரெலியா வரை 300 கிலோமீட்டருக்கும் மேலாக, 22 கட்டங்களாகச் செல்கிறது. புதிதாகக் காடு வெட்டிப் போட்ட பாதை அல்ல அது. பழைய தோட்டப் பாதைகளையே இணைத்து, வழி குறித்து வைத்தார்கள். நடப்பவர்களுக்காக அமைந்ததாயினும் அதன் சில பகுதிகளில் சைக்கிளிலும் போகிறார்கள். வழியோரத்தில் ஒரு கோப்பைத் தேநீரும் ரொட்டியும் விற்கும் தோட்டத்துக் குடும்பத்துக்கு நாலு காசு கிடைக்குமானால் அது நல்ல காரியம்தான்.

முதன்முதலாகப் போகிறவர்களுக்கு ஏற்ற வழி ஒன்றைச் சொல்கிறேன். ஹப்புத்தளையிலிருந்து தம்பேதென்ன தொழிற்சாலை சுமார் 10 கிலோமீட்டர். அங்கிருந்து லிப்டன் அமர்ந்து பார்த்ததாகச் சொல்லப்படும் லிப்டன் சீட்டுக்கு இன்னும் 7 கிலோமீட்டர் ஏற்றம். காலை வேளையிலேயே மேலே போய்ச் சேர்ந்துவிட வேண்டும். நேரம் சென்றால் மூடுபனி வந்து எல்லாவற்றையும் மறைத்துவிடும். வானம் தெளிந்திருந்தால் ஊவாவின் மலைகளும் தெற்கே தாழ்நிலமும் கண்ணுக்கு எட்டும் தூரம் வரை தெரியும். அல்லாஹ்வின் படைப்பைப் பார்த்து ஒரு நிமிடம் வாயடைத்து நிற்காதவர் இருக்க முடியாது.

இப்போது, பாதையின் ஹக்கு என்னவென்று பார்ப்போம். வழியில் கிடக்கும் இடையூறை அகற்றுவதும் ஈமானில் ஒரு பங்கு என்று மக்தபிலேயே படித்த சமூகம் நாம். இடையூறை அகற்ற வேண்டியவர்களே இடையூறாகிவிடலாமா?

முதலாவது, வேகம். தோட்டப் பாதை வளைந்து வளைந்து போகும். வளைவுக்கு அப்பால் யார் வருகிறார் என்று தெரியாது. முதுகில் கொழுந்துப் பாரத்தோடு வரும் ஒரு தாயால் சட்டென்று ஒதுங்க முடியாது. ஒதுங்கினால் கானுக்குள் விழுவார். எனவே மணியடித்து, வேகத்தைக் குறைத்து, குறுகிய இடமானால் இறங்கி நின்று, சுமையோடு வருபவருக்கு வழிவிட வேண்டும். "வணக்கம் அக்கா" என்று ஒரு வார்த்தை சொன்னால் நாக்குத் தேய்ந்துவிடாது.

இரண்டாவது, பார்வை. பாதையோரத்தில் பீலி இருக்கும். பெண்கள் தண்ணீர் எடுப்பதும் குளிப்பதும் துணி துவைப்பதும் அங்கேதான். வாலிபர்களே, பீலி தெரிந்ததும் பார்வையைத் தாழ்த்திக் கடந்து போங்கள். அங்கே நின்று இளைப்பாற வேண்டாம். பிள்ளைக்காம்பராவையும் லயத்து வாசலையும் கொழுந்து பறிப்பவர்களையும் கேட்காமல் படம் பிடிக்காதீர்கள். நமது வீட்டுப் பெண்களை முன்பின் தெரியாதவர் ஒருவர் படம் பிடித்தால் நாம் சும்மா இருப்போமா?

மூன்றாவது, மழை. இதைப் பலர் அறியமாட்டார்கள். ஈர மண்ணில் சைக்கிள் டயர் ஒரு கோடு கிழித்துக்கொண்டு போகிறது. அடுத்த மழையில் தண்ணீர் கானை விட்டுவிட்டு அந்தக் கோட்டில் ஓடுகிறது. பல பேர் பல நாள் போனால் கோடு வாய்க்காலாகிறது. ஓரம் அரித்துக் கல்லடுக்குத் தளர்கிறது. அதிலும் பிரேக்கை இறுக்கிப் பின்சக்கரத்தை இழுத்துக்கொண்டு போவது மிக மோசம். நமது மாவட்டத்தில் மண் என்பது விளையாட்டான விஷயமல்ல. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை மறந்துவிட்டோமா? 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த மழையில் பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் எத்தனையோ இடங்களில் மலை சரிந்தது. உயிர்களும் வீடுகளும் போயின. பாதைகளும் ரயில் பாதையும் சேதமுற்றன. எனவே மழை நாளில் இந்த வழிகளுக்குப் போகக் கூடாது. கையில் இருக்கும் பழைய வரைபடத்தை நம்பியும் போகக் கூடாது. மண்சரிவு எச்சரிக்கை இருக்கிறதா என்று பார்த்து, இந்தப் பாதை இன்னும் இருக்கிறதா என்று அந்தத் தோட்டத்தில் வாழ்பவரிடமே கேட்டுத்தான் புறப்பட வேண்டும்.

நான்காவது, நெருப்பும் குப்பையும். காய்ந்த பத்தனையில் ஒரு சிகரட் துண்டு போதும். காற்று மற்றதைப் பார்த்துக்கொள்ளும். புல் எரிந்தால் அடுத்து வரும் மழையில் வேரில்லாத மேல்மண் கீழே வருகிறது. தண்ணீர்ப் போத்தலையும் பிஸ்கட் உறையையும் பையிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். அவை கானை அடைத்தால் அதன் விளைவு கீழே இருக்கும் லயத்துக்குத்தான்.

ஐந்தாவது, நமது உடம்பின் ஹக்கு. உயிர் ஓர் அமானிதம். குளவிக்கொட்டினால் தோட்டத் தொழிலாளர்கள் பாதிக்கப்படும் செய்தி அடிக்கடி வருகிறது. மரத்தில் கூடு தெரிந்தால் சத்தமில்லாமல் திரும்பிவிடுங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பிற்பகல் இடி மழை வழக்கம். திறந்த பத்தனையில் மின்னலுக்கு அகப்படாதபடி மதியத்துக்கு முன்பே கீழே வந்துவிட வேண்டும். மேஜர் ரோஜர்ஸின் கதையைச் சொன்னேன் அல்லவா? பள்ளத்தில் இறங்கும்போது வளைவுக்கு முன்னாலேயே இரண்டு பிரேக்கையும் சேர்த்து மெல்லப் பிடிக்க வேண்டும். வளைவுக்குள் போய்ப் பிடித்தால் வழுக்கும். தலைக்கவசம், உதிரி டியூப், பம்ப், தண்ணீர், கூட ஒரு துணை ஆகியவை இல்லாமல் போகவே கூடாது. செங்குத்தான இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவது அவமானமல்ல. அது அறிவு.

பெற்றோரின் கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். வெளிநாட்டுக் கிரவல் சைக்கிளின் விலை ஒரு தோட்டத் தொழிலாளியின் பல மாதச் சம்பளம். 2021ல்தான் அவர்களின் நாட்சம்பளம் 1000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது என்பதையும், அதற்காக எத்தனை ஆண்டுகள் போராடினார்கள் என்பதையும் நினைத்துக்கொண்டு விலையைப் பாருங்கள். கடன்பட்டு அதை வாங்க வேண்டியதில்லை. கியரும் தடித்த டயரும் நல்ல பிரேக்கும் உள்ள சாதாரண மவுண்டன் சைக்கிள், பழையதானாலும் போதும். டயரில் காற்றைச் சற்றுக் குறைத்தால் பாதி வேலை முடிந்தது. எரிபொருள் வரிசையில் நாட்கணக்காக நின்ற 2022ஐ நினைத்துப் பாருங்கள். சைக்கிள் மிதிக்கத் தெரிந்த கால் அன்று எவ்வளவு பெறுமதியாக இருந்தது! நாள் முழுவதும் கைப்பேசியில் குனிந்திருக்கும் பிள்ளை, வியர்வை சிந்தி ஒரு மலையேறி, தன் ஊரைத் தன் கண்ணாலேயே பார்க்குமானால் அதைத் தடுக்க வேண்டாம். தனியே அனுப்பாமல், வாப்பாவோ மாமாவோ கூடப் போகட்டும். சிறியவர்களையும் பெண் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு குடும்பமாகப் போவதானால் சைக்கிளை விட்டுவிட்டு, பீக்கோ ட்ரெயிலின் ஒரு சிறு பகுதியை நடந்தே பாருங்கள்.

இறுதியாக ஒன்று. பதுளையிலும் பசறையிலும் பண்டாரவளையிலும் நமது கடைகள் பலவற்றை வாழவைத்தவர்கள் தோட்டத்து மக்கள். சம்பள நாளில் வந்து கொப்பிக் கடனைத் தீர்த்துவிட்டு, மீண்டும் கொப்பியில் எழுதிக்கொண்டு போனவர்கள். தலைமுறை தலைமுறையாக அந்தக் கொப்பியில் இருப்பது பணக் கணக்கு மட்டுமல்ல. நம்பிக்கையும்தான். அந்தக் கடை முதலாளியின் மகன், அதே கடைக்கு முப்பது வருடமாக வரும் ஒரு தாயின் சேலையில் சேற்றை வாரியடித்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போவானானால், வாப்பா கட்டிக்காத்த நம்பிக்கையை மகன் ஒரு வளைவில் தொலைத்துவிட்டான் என்றுதான் பொருள். அவன் இறங்கி நின்று, "அம்மா, நீங்க போங்க" என்று வழிவிட்டால், அந்தத் தாய் மாலையில் லயத்தில் போய்ச் சொல்வது இன்ன கடைக்காரரின் மகன் என்ற நல்ல வார்த்தையாக இருக்கும்.

ஆகவே பிள்ளைகளே, போய்ப் பாருங்கள். உங்கள் மலைகளை அறிந்துகொள்ளுங்கள். ஆனால் மணியைச் சரிபார்ப்பதற்கும் பிரேக்கைச் சரிபார்ப்பதற்கும் முன்னால், நாம் அடுத்தவர் முற்றத்துக்குப் போகிறோம் என்ற எண்ணத்தைச் சரிபார்த்துக்கொண்டு புறப்படுங்கள்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம்.